பூனை குடித்து மிஞ்சிய நீர்

எட்டயபுரத்தைக் கடந்து தூத்துக்குடி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒட்டப்பிடாரம் வட்டத்தில், எப்போதும்வென்றான் என்றோர் ஊர் உண்டு. பெயரில் உள்ள வெற்றி கோடைக்குச் செல்லுபடியாவதில்லை. கோவில்பட்டிக்குக் கிழக்கே விரியும் கரிசல் பூமி பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருப்பது. பெய்த மழையைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொண்டு, கம்பையும் சோளத்தையும் பருத்தியையும் அந்த மண் மானாவாரியாக விளைவித்துத் தரும். மனிதன் குடிப்பதற்கு அதிலிருந்து ஒரு செம்பு நீர் பெறுவதோ எளிதன்று. பல இடங்களில் கிணறு வெட்டினால் உப்பு நீரே ஊறும். ஆகவேதான் அங்கே ஊருணிகள் வெட்டப்பட்டன. பெண்கள் விடியலுக்கு முன்பே குடத்துடன் புறப்பட்டனர். பிற்காலத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர்.

2003ஆம் ஆண்டின் கோடையில் அவ்வூருக்குச் சென்றிருந்தேன். தமிழகம் தொடர் வறட்சியில் வாடிய காலம் அது. அரபிக் கல்லூரியில் ஆசிரியப் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த எனக்கு, கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடும் துடிப்பு இருந்தது. சாலையோரம் கடை வைத்திருந்த மாமாவின் வீட்டில் தங்கினேன். அஸர் வேளையில் மாமி உளூச் செய்வதற்காகச் செம்பில் தண்ணீர் எடுத்து முற்றத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் வளர்த்த சாம்பல் நிறப் பூனை எங்கிருந்தோ வந்து செம்பில் வாய் வைத்தது.

“மருமகனே, பூனை வாய் வச்சிட்டுதே, இது உளூவுக்கு ஆகுமா?” என்று மாமி கேட்டார்.

“மக்ரூஹ், மாமி. வேற தண்ணி எடுத்துக்கிடுங்க” என்றேன்.

அவர் மறுபேச்சின்றிச் செம்பைக் கவிழ்த்தார். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த மண்ணில் அந்த நீர் எந்தப் பிளவில் இறங்கியது என்பதே தெரியவில்லை. லாரி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது என்பதையும், நான் சொன்ன ‘வேறு தண்ணீர்’ என்பது குடிப்பதற்காக மூடி வைத்திருந்த கடைசிக் குடம் என்பதையும் இரவில்தான் அறிந்துகொண்டேன்.

நான் கூறிய விடை ஹனஃபி மத்ஹபின் பாடநூல்களில் உள்ளதுதான். ஆனால் அது பாதி விடை. மறுபாதியைத் தேடப் போனபோது, ஒரு பூனை தண்ணீர் குடித்த செய்தி நம்முடைய கல்வி மரபில் எத்துணை நீண்ட வரலாற்றைப் பெற்றிருக்கிறது என்பது புலனாயிற்று. அதைச் சற்று விரிவாக எழுதுவது பயனுடையது எனக் கருதுகிறேன்.

செய்தி மதீனாவில் ஒரு வீட்டுக்குள் நிகழ்ந்தது. கப்ஷா என்ற பெண்மணி தம் மாமனாரான அபூ கதாதா அல்அன்ஸாரீ (ரலி) அவர்கள் உளூச் செய்யத் தண்ணீர் ஊற்றி வைத்தார். பூனை ஒன்று குடிக்க வந்தது. அபூ கதாதா (ரலி) அதை விரட்டவில்லை; பாத்திரத்தை அதன் பக்கம் சாய்த்துப் பிடித்தார்; அது குடித்து முடிக்கும் வரை அப்படியே பிடித்திருந்தார். மருமகள் தம்மையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, வியப்பாக இருக்கிறதோ என வினவினார். ஆம் என்றார் அவர். பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருவோரில் ஒன்று என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை அப்போது அபூ கதாதா (ரலி) எடுத்துரைத்தார். மருமகளை அவர் விளித்த சொல் ‘என் சகோதரரின் மகளே’ எனப் பொருள்படுவது. அரபியர் வழக்கில் அது கனிவான விளி, உறவுமுறையைக் குறித்ததன்று. நம் பக்கத்து மாமனார் ஒருவர் ‘ஏம்மா’ என்று அழைப்பதற்கு ஒப்பாகக் கொள்ளலாம்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும், அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னு மாஜா ஆகியோரின் தொகுப்புகளிலும் இது இடம்பெற்றுள்ளது. உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரத்துக்கு அருகிலிருந்து இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. பிராணிகளிடம் இரக்கம் என்றவுடன் தமிழ் முஸ்லிம்களின் நினைவுக்கு வருவது சீறாப்புராணத்தின் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’. அது அற்புதம். இதுவோ அற்புதம் எதுவும் நிகழாத செய்தி: ஒரு முதியவர் பாத்திரத்தைச் சாய்த்தார், பூனை குடித்தது, அவ்வளவே. இப்படிப்பட்ட ஒன்றைக் கவிஞர்கள் பாடுவது அரிது. பூனையின் குடியைத் தமிழ்க் கவிதையில் புகழ்பெறச் செய்தவர் கம்பர். பாற்கடலை முழுவதும் நக்கிவிடத் துணிந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டு அவர் அவையடக்கம் கூறினார். அங்கே பூனை வெறும் உவமை. மதீனாவின் பூனைக்கோ உண்மையான தாகம் இருந்தது.

அந்தத் தாகத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனை என்பதை 2007ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு உறுதி செய்தது. வறண்ட நிலத்து உயிரினமாதலால், குறைந்த நீரில் வாழும் உடலமைப்பு அதற்கு வாய்த்திருக்கிறது. அதன் சிறுநீரகம் நீரை வீணாக்காமல் மீட்டுக்கொண்டு கழிவை மிகச் செறிவாக வெளியேற்றும். எலியின் உடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். எலி பிடித்துத் தின்னும் பூனை தன் தேவையில் பெரும்பகுதியை அதிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. நாம் போடும் உலர்ந்த தீனியை உண்ணும் பூனைக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லி லிட்டர் நீர் தேவையாயினும், தாக உணர்வு அதற்கு மெதுவாகவே எழும். போதிய நீர் குடிக்காத வீட்டுப் பூனைகள் சிறுநீர்த் தடையால் துன்புறுவதைக் கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் காண்கிறார்கள்.

பூனை வளர்ப்போர் எல்லாரும் கண்டிருக்கக்கூடிய மற்றொன்றும் உண்டு. அதற்கென வைத்த சிரட்டைத் தண்ணீரை அது சீந்தாது. தீனிக்கு அருகில் வைத்த நீரைப் பல பூனைகள் விரும்புவதில்லை. அப்போதுதான் ஊற்றிய நீர், குழாயிலிருந்து சொட்டும் நீர், யாரோ தமக்காக எடுத்து வைத்த நீர் ஆகியவற்றையே நாடிச் செல்லும். மாமியின் பூனைக்கும் அடுப்பங்கரை மூலையில், சோற்றுக்குப் பக்கத்தில், சிரட்டையில் நீர் இருந்தது. அது முற்றத்துச் செம்பைத் தேடி வந்தது. கப்ஷா தண்ணீர் ஊற்றியவுடன் பூனை வந்ததாக அமைந்துள்ள அறிவிப்பைப் படிக்கும்போது, பூனையுடன் வாழ்ந்தவர் சொன்ன செய்தி இது என்பதில் எனக்கு ஐயம் எழுவதில்லை. இதை ஹதீஸ் கலையின் சான்றாகக் கூறவில்லை; வாசகனின் மனநிறைவாகக் கூறுகிறேன்.

அது குடிக்கும் முறையும் நுட்பமானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ரோமன் ஸ்டாக்கர் தம் வீட்டுப் பூனை குடிப்பதைக் காலையுணவின்போது கவனித்து வியந்தார். அவரும் மூன்று ஆய்வாளர்களும் சேர்ந்து அதிவேகப் படக்கருவி கொண்டு ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டனர். பூனை நாக்கை நீருக்குள் முக்கி அள்ளுவதில்லை. நாக்கின் நுனியை மேற்பரப்பில் தொட்டவுடன் வேகமாக மேலே இழுக்கிறது. நீர் ஒரு மெல்லிய தூண் போல் நாக்கைத் தொடர்ந்து எழுகிறது. அது கீழே விழுவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது. நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை இது நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் கிடைப்பது சில துளிகள். அபூ கதாதா (ரலி) பூனை குடித்து முடிக்கும் வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தார் என்றால், அது கணநேர வேலையன்று. தொழுகைக்குப் புறப்பட்ட ஒருவர் அத்தனை நேரம் கையை அசைக்காமல் நின்றிருக்கிறார்.

இனி, செய்தி நமக்கு வந்து சேர்ந்த வழியைக் காண்போம். இமாம் மாலிக் இதை இஸ்ஹாக் இப்னு அப்துல்லாஹ்விடமிருந்து பெற்றார். இஸ்ஹாக் தம் மனைவி ஹுமைதாவிடமிருந்து பெற்றார். ஹுமைதா கப்ஷாவிடமிருந்து பெற்றார். கப்ஷா, கவிஞர் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் மகள். தபூக் போரில் பின்தங்கிப் பின்னர் தவ்பா ஏற்கப்பட்ட மூவரில் ஒருவர் அந்தக் கஅப். ஆக, மாமனாரின் செயலை மருமகள் கண்டார்; அவர் மற்றொரு பெண்ணிடம் சொன்னார்; அந்தப் பெண் தம் கணவரிடம் சொன்னார்; அவ்வழியே அது மதீனாவின் பேரறிஞரை எட்டியது. இரண்டு தலைமுறைக் காலம் இந்தச் சட்டம் பெண்களின் நினைவில் வாழ்ந்திருக்கிறது. வீட்டில் தண்ணீரை எடுத்து ஊற்றி வைப்பவர்கள் அவர்கள். ஆகவே பூனை வாய் வைத்த நீரை என்ன செய்வது என்ற கேள்வியும் அவர்களுடையதே. எப்போதும்வென்றானில் என்னிடம் கேட்டவரும் மாமிதான். மாமாவுக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

பிற்காலத்தில் இந்த இரு பெண்களும் ஆய்வுக்கு உள்ளாயினர். ஹிஜ்ரி 395இல் மறைந்த இப்னு மன்தா, இந்த ஒரு செய்தியைத் தவிர வேறெங்கும் இவர்கள் அறியப்படவில்லை எனக் கூறி, அறிவிப்பைக் குறையுடையது என்றார். ஹிஜ்ரி 852இல் (கி.பி. 1449) மறைந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ அதை மறுத்தார். தும்மியவருக்கு மறுமொழி கூறுவது பற்றி ஹுமைதா அறிவித்த வேறொரு செய்தி அபூதாவூதின் தொகுப்பில் இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். கப்ஷா நபித்தோழியர் வரிசையில் சேர்க்கப்பட்டிருப்பதையும் நினைவூட்டினார். அவருக்கு மிக முன்பே திர்மிதீ, இச்செய்தியை மாலிக்கைப் போல முழுமையாக அறிவித்தவர் எவருமில்லை எனக் குறித்து, இதை ஏற்புடையதாகப் பதிவு செய்திருந்தார். தும்மல் பற்றிய ஒரு சிறு அறிவிப்பு, பூனை பற்றிய அறிவிப்புக்குச் சாட்சியாக வந்து நின்றது! ஹதீஸ் கலையின் இத்தகைய நுணுக்கங்களில் திளைத்தவர்களுக்கு அதன் சுவை தெரியும்.

அபூதாவூத் இதனுடன் மற்றொரு செய்தியையும் சேர்த்திருக்கிறார். அதுவும் ஒரு பணிப்பெண் வழியாக வந்தது. அவர் ஹரீஸா என்ற உணவை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கொண்டு சென்றபோது அவர்கள் தொழுதுகொண்டிருந்தார்கள். வைத்துவிடும்படி சைகை காட்டினார்கள். பூனை வந்து அதில் தின்றது. தொழுகையை முடித்த ஆயிஷா (ரலி), பூனை தின்ற அதே இடத்திலிருந்து உண்டார்கள். பூனை குடித்து மிஞ்சிய நீரில் நபிகள் நாயகம் (ஸல்) உளூச் செய்ததைத் தாம் கண்டதாகவும் கூறினார்கள்.

‘சுற்றிச் சுற்றி வருவோர்’ என்ற காரணத்தைச் சட்ட அறிஞர்கள் மிக ஊன்றிக் கவனித்தனர். இதே சொல் குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தில், 58ஆம் வசனத்தில் வருகிறது. வீட்டுப் பணியாளரும் பருவமடையாத சிறுவரும் மூன்று வேளைகளில் மட்டும் அனுமதி கேட்டு நுழைந்தால் போதும். ஏனைய நேரங்களில் வேண்டியதில்லை. ஏனெனில் அவர்கள் உங்களிடையே சுற்றி வருவோர் என்பது அங்குள்ள கருத்து. ஓயாமல் வந்து போகும் ஒருவரிடம் ஒவ்வொரு முறையும் நிபந்தனை விதித்தால் வீடு நடவாது. அந்தச் சலுகையே பூனைக்கும் அளிக்கப்பட்டது. அதாவது சட்டத்தின் கண்ணில் பூனை, வேலைக்காரச் சிறுமியும் வீட்டுக் குழந்தையும் நிற்கும் வரிசையில் நிற்கிறது.

இதிலிருந்து மத்ஹபுகள் பிரிந்தன. இமாம் மாலிக், பூனையின் வாயில் அசுத்தம் கண்ணுக்குத் தெரிந்தாலன்றித் தடையில்லை என்றார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் பூனை குடித்து மிஞ்சிய நீர் தூயது, வெறுப்புக்குரியதுமன்று. ஆனால் அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பூனை இப்போதுதான் எலியைத் தின்றது. வாயில் குருதி இருக்கிறது. உடனே வந்து செம்பில் வாய் வைக்கிறது. குல்லத்தைன் என்ற அளவுக்கு, அதாவது 500 பக்தாது ராத்தலுக்குக் குறைந்த நீரில் அசுத்தம் பட்டால் அந்நீர் அசுத்தமாகிவிடும் என்பது அம்மத்ஹபின் விதி. கண்மாயிலும் ஊருணியிலும் பூனை குடித்தால் கேள்வியே இல்லை; செம்பில் குடித்தால்தான் கேள்வி. இமாம் நவவீ (ரஹ்) இதற்கு மூன்று கருத்துகளைக் கூறி, சரியானதைத் தெரிவு செய்கிறார்: எலியைத் தின்ற பூனை சிறிது நேரம் கண்ணில் படாமல் போய், இடையில் எங்கேனும் பெருநீரில் குடித்து வாய் தூய்மையாகியிருக்க வாய்ப்பிருந்தால், நீர் தூயதே. பூனைக்காக ஓர் ஐயத்தின் பலனை அளித்திருக்கிறார் அந்தப் பேரறிஞர். கரிசல் காட்டில் சித்திரை மாதத்தில் பூனை எந்தப் பெருநீரைக் கண்டிருக்கும் என்று குறும்புக்கார மாணவன் கேட்டால் விடை சொல்வது கடினம்தான்.

ஹனஃபி மத்ஹபில் கருத்து சற்று இறுக்கமானது. ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த மர்கீனானீயின் ஹிதாயாவில், பூனை குடித்து மிஞ்சியது தூயது, ஆனால் மக்ரூஹ் என்று காணப்படுகிறது. இமாம் அபூ யூசுஃப் மட்டும், நபிகள் நாயகம் (ஸல்) பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள் என்ற அறிவிப்பைக் காரணம் காட்டி, மக்ரூஹும் இல்லை என்றார். மக்ரூஹ் ஏன் என்பதிலும் இரு விளக்கங்கள். பூனை வேட்டை விலங்கு, அதன் இறைச்சி விலக்கப்பட்டது என்பது தஹாவீயின் விளக்கம். அது அசுத்தத்தைத் தவிர்ப்பதில்லை என்பது கர்கீயின் விளக்கம். இதன்படி மக்ரூஹ் மிக இலேசானது. எலியைத் தின்றவுடன் குடித்தால் நீர் அசுத்தமாகும். சற்றுப் பொறுத்து, தன் உமிழ்நீரால் வாயைக் கழுவிக்கொண்ட பின் குடித்தால் ஆகாது என்றும் ஹிதாயா கூறுகிறது. பூனை நாக்கால் தன்னைத் துடைத்துக்கொள்வதை அந்த அறிஞர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! பூனை நாக்கின் முட்கள் நுனியில் குழிவானவை என்றும், அவை உமிழ்நீரை மயிரின் அடிவரை கொண்டு சேர்க்கின்றன என்றும் 2018இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது. சட்டம் அதை நம்பி நிற்கவில்லை. ஆயினும் படித்தபோது ஹிதாயாவின் அந்த வரி என் நினைவுக்கு வந்தது. பூனை வாய் வைத்தால் பாத்திரத்தை ஒருமுறை கழுவ வேண்டும் என்ற அறிவிப்பு ஒன்றும் உண்டு. அது நபிமொழியன்று, அபூ ஹுரைரா (ரலி) அவர்களின் சொந்தக் கூற்று என்பது ஹதீஸ் அறிஞர் பலரின் முடிவு. பூனைக்குட்டியால் பெயர் பெற்ற நபித்தோழரின் பெயரிலேயே அந்தக் கடுமை வந்து சேர்ந்திருப்பது விந்தை.

தமிழகத்தில் இவ்விரு மத்ஹபுகளும் நிலவியலோடு பொருந்திக் கிடக்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹப். உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப். எப்போதும்வென்றான் இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. என் வகுப்பில் ஹிதாயாவின் இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது, கடற்கரை ஊர் மாணவர் ஒருவர், தம் வீட்டில் இது ஒரு கேள்வியே அன்று, பூனை குடித்த மிச்சத்தில் தம் பாட்டி உளூச் செய்வார் என்றார். உள்நாட்டு மாணவர்கள் முகம் சுளித்தனர். அந்தச் சுளிப்பில் மத்ஹபைக் காட்டிலும் வேறொன்று இருப்பதாக எனக்குப் பட்டது.

அது ஒரு சொல். அரபியில் ‘ஸுஃர்’ என்பது குடித்தபின் எஞ்சிய நீர். மிச்சம் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அது தூயதா, அல்லவா என்பதைக் குடித்த உயிரைப் பொறுத்துச் சட்டம் தனியே தீர்மானிக்கும். மனிதனின் ஸுஃர் தூயது. அவன் யாராயினும் தூயது. நம் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக இச்சொல்லுக்கு ‘எச்சில்’ என்றே பொருள் எழுதி வந்திருக்கிறோம். நானும் அப்படித்தான் எழுதினேன். தமிழில் எச்சில் என்பது எஞ்சியது என்ற அடியிலிருந்தே பிறந்தது. ஆனால் வழக்கில் அது தீட்டு என்ற எடையை ஏற்றிக்கொண்டுவிட்டது. யார் எச்சிலை யார் உண்ணலாம், யாருக்குத் தனிக் குவளை என்பன போன்ற, இஸ்லாம் அறவே ஏற்காத கணக்குகள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்தன. விளைவாக, ‘வேறு நீர் இருந்தால் அதைப் பயன்படுத்துவது மேல்’ என்ற மென்மையான சட்டம், ‘எச்சில் பட்டுவிட்டது, கொட்டு’ என்ற கட்டளையாகிவிட்டது. மாமி என் சொல்லைக் கேட்டு நீரைக் கொட்டினார் என்றால், நான் கொட்டச் சொன்னேனா? இல்லை. ஆனால் அவர் காதில் அப்படித்தான் விழும் என்பதை அறியாதவன் எப்படி ஆசிரியன் ஆவான்?

சட்டத்தின் மறுபாதியை டமாஸ்கஸ் அறிஞர் ஹஸ்கஃபீயின் (மறைவு ஹிஜ்ரி 1088, கி.பி. 1677) ‘அத்துர்ருல் முக்தார்’ நூலில் கண்டேன். பல முறை கடந்து போயிருந்த பக்கம்தான். பூனை குடித்து மிஞ்சிய நீர் மக்ரூஹ் தன்ஸீஹ். அதுவும் வேறு நீர் இருந்தால் மட்டுமே. இல்லாவிட்டால் மக்ரூஹே இல்லை என்பது அவருடைய முடிவு. அதற்கு அவர் தரும் ஒப்புமை, ஏழை ஒருவர் பூனை வாய் வைத்த உணவை உண்பது. வசதியுள்ளவனுக்கு விரும்பத்தகாதது, இல்லாதவனுக்கு எந்த மாசும் அற்றது. ‘வேறு நீர்’ என்பதற்கு என்ன பொருள் என்பதை அதே நூலின் தயம்மும் பகுதியிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். குடிப்பதற்குத் தேவையான நீர் கையில் இருந்தும் இல்லாததற்குச் சமம். அதை வைத்துக்கொண்டே தயம்மும் செய்யலாம். தாகம் தனக்கோ, உடன் பயணம் செய்வோருக்கோ, ஏன், தன் நாய்க்கோ ஆயினும் சரி என்று ஹஸ்கஃபீ சேர்த்துக் கூறுகிறார். ஆக, எப்போதும்வென்றானில் மூடி வைத்திருந்த அந்தக் குடம் சட்டப்படி ‘வேறு நீர்’ ஆகாது. பூனை வாய் வைத்த செம்பே மாமியின் உளூவுக்குரிய நீர். மக்ரூஹ் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

2017ஆம் ஆண்டில், மீண்டும் மழை பொய்த்திருந்த நேரத்தில், மாமியைப் பார்க்கப் போனேன். மாமா காலமாகியிருந்தார். சாம்பல் நிறப் பூனையின் வழிவந்ததோ என்னவோ, வேறொரு பூனை வாசலில் படுத்திருந்தது. பதினான்கு ஆண்டுக்கு முந்தைய செம்பு மாமிக்கு நினைவிருந்தது. அந்தக் கோடை முழுவதும் வீட்டிலிருந்த எல்லாத் தண்ணீருக்கும் தட்டு போட்டு மூடி வைத்ததாகச் சொன்னார். சிரட்டையில் பூனை வாய் வைக்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டுத் தொட்டிக்குப் போய்விட்டதாம். பூனையைக் கட்டி வைத்து, உணவும் நீரும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை ஆண்டுதோறும் புகாரீயிலிருந்து பாடம் நடத்துபவன் நான். மாமி எதையும் கட்டி வைக்கவில்லைதான். இருந்தும் அந்தப் பேச்சு எனக்கு எளிதாக இல்லை.

ஹஸ்கஃபீ கூறியதை விளக்கிச் சொன்னேன். “அப்ப மூடி வைக்க வேண்டாமா?” என்று கேட்டார். இரவில் பாத்திரங்களை மூடி வைப்பது நபிவழி, அதை விட வேண்டாம். பகலில் பூனைக்கென அகலமான சட்டி ஒன்றைச் சோற்றிலிருந்து தள்ளி முற்றத்தில் வைத்து, தினமும் நீரை மாற்றுங்கள். அதற்கும் மீறிச் செம்பில் குடித்துவிட்டால், அந்த நீரைக் கொட்ட வேண்டாம் என்றேன். மாமி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, மருமகனே” என்றார். அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஃபிக்ஹ் வகுப்பில் ‘ஸுஃர்’ வரும்போது இப்போதெல்லாம் ‘எச்சில்’ என்று பொருள் எழுத விடுவதில்லை. ‘குடித்து மிஞ்சியது’ என்று எழுதச் சொல்கிறேன். நீளமாக இருக்கிறது என்று மாணவர்கள் குறைப்படுகிறார்கள். பழைய ஏடுகளைப் பார்த்து எழுதுவோர் இன்னும் பழைய சொல்லையே எழுதிக்கொண்டு வருகிறார்கள், திருத்திக் கொடுக்கிறேன்.